புள்ளிகள் சொல்லும் மழைக் கணக்கு

நுழையும் முன்

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதைக் கண்டு, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முன்னறிய முயல்வது மனித இயல்பு. அந்த முயற்சி எவ்வளவு நம்பத்தக்கது என்று அளந்து காட்டும் கருவிகளுள் ஒன்று சிதறல் வரைபடம். இந்தியப் பருவமழையை முன்னறிய நடந்த நூற்றாண்டு உழைப்பின் வழியாக அக்கருவியைப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மறந்துபோகும் நாள்கள்

தட்டான்பூச்சிகள் தாழப் பறந்தால் மழை வரும். எறும்புகள் முட்டைகளைச் சுமந்துகொண்டு மேட்டை நாடினால் மழை வரும். நிலவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை வரும். இவை தமிழகச் சிற்றூர்களில் இன்றும் கேட்கும் பேச்சுகள். வானிலை நிலையங்கள் இல்லாத காலத்தில் உழவர்கள் கண்ணால் கண்டும் காலத்தால் அறிந்தும் சேர்த்துவைத்த செய்திகள் இவை. எனவே இவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும் இவற்றைப் பற்றிச் சில வினாக்களை எழுப்பலாம். தட்டான் தாழப் பறந்தும் மழை வராத நாள்கள் எத்தனை? தட்டானே தென்படாமல் மழை கொட்டிய நாள்கள் எத்தனை? இதற்கு விடை கூறுவோர் அரியர். நம்பிக்கைக்கு ஒத்த நாள் நினைவில் நிற்கிறது. ஒவ்வாத நாள் மறந்துபோகிறது. அவ்வாறு மறந்துபோகும் நாளையும் விடாமல் குறித்துவைத்து எண்ணிப் பார்க்கும் ஒழுங்கே புள்ளியியலின் தொடக்கம்.

மழையைத் தேடிய கணித அறிஞர்

மழை பொய்த்தால் நேரும் துன்பத்தை இந்தியா பலமுறை கண்டுள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875 ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல் தலைவரான பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளை அடுத்துப் பருவமழை குறைவதைக் கவனித்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1886 ஆம் ஆண்டு முதல் பருவமழை முன்னறிவிப்புகள் வெளியிடப்பட்டன. ஆனால் 1899 ஆம் ஆண்டில் நல்ல மழை எதிர்பார்க்கப்பட்ட நிலையில் கடும் வறட்சி வந்தது. நாட்டின் பல பகுதிகளில் மீண்டும் பஞ்சம் தலைவிரித்தாடியது.

இச்சூழலில் 1904 ஆம் ஆண்டில் கில்பர்ட் வாக்கர் என்பவர் வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் கேம்பிரிட்சில் பயின்ற கணித அறிஞர். பருவமழை எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று விளக்கும் கோட்பாடு எதுவும் அன்று இல்லை. எனவே வாக்கர் வேறொரு வழியை மேற்கொண்டார். உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் பல்லாண்டுப் பதிவுகளைத் திரட்டினார். அவற்றுள் எது இந்திய மழையோடு சேர்ந்து ஏறுகிறது, எது அதற்கு மாறாக இறங்குகிறது என்று கணக்கிட்டார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இந்திய எழுத்தர்கள் பலர் அமர்ந்து, இக்கணக்குகளைக் கையாலேயே போட்டனர்.

அதற்கு அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் ஒட்டுறவு. இக்கருத்தை 1888 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் முன்வைத்தார். கார்ல் பியர்சன் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். இக்கருத்தைக் கண்ணால் காணும் வடிவில் காட்டுவதே சிதறல் வரைபடம்.

ஓர் ஆண்டு, ஒரு புள்ளி

சிதறல் வரைபடம் வரைவது எளிது. வரைபடத் தாளில் இரண்டு அச்சுகள் வரையப்படும். அறிந்த அளவு கிடை அச்சிலும், அறிய விரும்பும் அளவு குத்து அச்சிலும் குறிக்கப்படும். ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு அளவுகள் உண்டு. அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கப்படும். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தல் கூடாது. சிதறிக் கிடக்கும் நிலையிலேயே அவை பேச வேண்டும்.

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்நீர் சில ஆண்டுகளில் இயல்பைவிட வெப்பமடைகிறது. இந்நிகழ்வு ‘எல் நினோ’ எனப்படும். ‘சிறுவன்’ என்னும் பொருளுடைய இப்பெயர் பெரு நாட்டு மீனவர் வழக்கிலிருந்து வந்தது. அந்நீர் இயல்பைவிடக் குளிர்வது ‘லா நினா’ எனப்படும். இதன் பொருள் ‘சிறுமி’ என்பதாகும்.

கீழுள்ள அட்டவணையின் நடு நிரல், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அக்கடல்நீரின் வெப்பநிலை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைச் செல்சியஸ் அளவில், அரைப் பாகைக்கு முழுமையாக்கிக் காட்டுகிறது. கடைசி நிரல், அவ்வாண்டு இந்தியா பெற்ற தென்மேற்குப் பருவமழையை இயல்பான அளவின் விழுக்காடாகக் காட்டுகிறது. இயல்பான மழை 100 எனக் கொள்ளப்படும்.

ஆண்டு | கடல் வெப்ப விலகல் | பருவமழை (விழுக்காடு)
1987 | +1.5 | 81
1988 | −1.5 | 119
1997 | +1.5 | 102
2002 | +1.0 | 81
2009 | +0.5 | 78
2010 | −1.0 | 102
2015 | +1.5 | 86
2020 | −0.5 | 109
2022 | −1.0 | 106
2023 | +1.0 | 94

இப்பத்துப் புள்ளிகளையும் வரைபடத் தாளில் குறித்த பின்னர் மேலும் படித்தால் பாடம் தெளிவாக விளங்கும்.

புள்ளிகளைப் படிக்கும் முறை

சிதறல் வரைபடத்தைக் காண்போர் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும்.

முதல் வினா: புள்ளிகள் எத்திசையில் செல்கின்றன? இடப்புறம் கீழே தொடங்கி வலப்புறம் மேலே ஏறினால், ஓர் அளவு கூடும்போது மற்றதும் கூடுகிறது. இது நேர் ஒட்டுறவு. இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே இறங்கினால், ஒன்று கூட மற்றது குறைகிறது. இது எதிர் ஒட்டுறவு. மேலுள்ள அட்டவணையின் புள்ளிகள் பெரும்பாலும் இறங்குமுகமாக உள்ளன. பசிபிக் நீர் வெப்பமடைந்த ஆண்டுகளில் இந்திய மழை குறையும் போக்கு தெரிகிறது. ‘எதிர்’ என்னும் சொல் தீமையைக் குறிப்பதன்று; திசையை மட்டுமே குறிக்கிறது.

இரண்டாம் வினா: புள்ளிகள் எவ்வளவு நெருங்கி உள்ளன? எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் ஒட்டுறவு முழுமையானது. திருவிழாக் கூட்டம்போல எங்கும் பரவிக் கிடந்தால் ஒட்டுறவு இல்லை. இந்நெருக்கத்தை ஓர் எண்ணால் கூறுவதே ஒட்டுறவுக் கெழு. அது −1 முதல் +1 வரை அமையும். முழுமையான ஏற்றம் +1. முழுமையான இறக்கம் −1. நேர்கோட்டுத் தொடர்பு எதுவும் இல்லாத நிலை 0. மேலுள்ள பத்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ −0.75 கிடைக்கும். போக்கு வலிமையானது, ஆயினும் முழுமையானது அன்று.

மூன்றாம் வினா: கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் புள்ளி உண்டா? 1997 ஆம் ஆண்டின் புள்ளியை நோக்குக. அவ்வாண்டின் எல் நினோ மிகக் கடுமையானது. வறட்சி வரும் என்ற அச்சம் பரவியது. ஆனால் மழை இயல்பாகப் பெய்தது. அந்த ஒரு புள்ளியை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் ஒட்டுறவுக் கெழு −0.75 இலிருந்து −0.87 ஆக வலுவடைகிறது. இதனைக் கண்டு, ஒவ்வாத புள்ளியை அழித்துவிட்டால் முடிவு அழகாக இருக்குமே என்று சிலருக்குத் தோன்றலாம். அது தட்டான் பறந்தும் மழை வராத நாளை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும். விலகி நிற்கும் புள்ளியே பல வேளைகளில் புதிய உண்மைக்கு வாயிலாக அமைகிறது.

நான்காம் வினா: புள்ளிகள் நேர்கோட்டைப் பின்பற்றுகின்றனவா, வளைகின்றனவா? மழையையும் பயிர் விளைச்சலையும் எடுத்துக்கொள்ளலாம். மழை குறைந்தால் பயிர் காய்கிறது, அளவாகப் பெய்தால் விளைகிறது, மிகுந்தால் அழுகுகிறது. இவற்றின் புள்ளிகள் கவிழ்த்த கிண்ணம்போல் ஏறி இறங்கும். இத்தகைய புள்ளிகளுக்கு ஒட்டுறவுக் கெழு சுழியத்துக்கு அருகில் வரக்கூடும். அதனால் மழைக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்று முடிவுசெய்வது பெரும்பிழை. எனவே எண்ணை மட்டும் நம்பாமல் படத்தையும் காண வேண்டும்.

எந்தப் புள்ளிகள் வரைபடத்தில் இடம்பெற்றுள்ளன என்பதையும் நோக்குதல் வேண்டும். மேலுள்ள பத்தும் பாடத்திற்காகத் தேர்ந்தெடுத்த ஆண்டுகள். 1987, 2002, 2009, 2015 ஆகிய நான்கை மட்டும் காட்டினால் ‘எல் நினோ வந்தால் வறட்சி தவறாது’ என்று எவரும் நம்பிவிடுவர். நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகள் அனைத்தையும் சேர்த்தால், எதிர் ஒட்டுறவு தொடர்ந்து தெரியும். ஆனால் அதன் வலிமை இந்தப் பத்து ஆண்டுகள் காட்டும் அளவைவிடக் குறையும். ஆய்வாளர் ஓர் ஆண்டையும் விடாமல் குறிப்பதற்கு இதுவே காரணம்.

சேவல் கூவியா பொழுது விடிகிறது?

சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது. நாள்தோறும் இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன. ஆயினும் சேவல் கூவுவதால் பொழுது விடிவதில்லை. ஒட்டுறவு இருப்பதனால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

ஒட்டுறவு தோன்றுவதற்கு வேறு வழிகளும் உண்டு. குடை விற்பனை கூடும் மாதங்களை ஒட்டிக் கொசுவால் பரவும் காய்ச்சலும் கூடலாம். குடை காய்ச்சலைக் கொண்டுவருவதில்லை. மழை என்னும் மூன்றாவது பொருள் இரண்டையும் கூட்டுகிறது. இனி, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் உண்டு. அது வெறும் தற்செயல்.

தற்செயலைப் பற்றி வாக்கரும் எச்சரித்துள்ளார். நூற்றுக்கணக்கான பதிவுகளை மழையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தொடர்பே இல்லாத சிலவும் தற்செயலாக உயர்ந்த கெழுவைத் தரும். அவற்றுள் மிகப் பெரியதைப் பொறுக்கி எடுத்து ‘கண்டுபிடித்தேன்’ என்று கூறுவது ஏமாற்றத்தில் முடியும். எத்தனை ஒப்பீடுகளிலிருந்து அந்த எண் பொறுக்கப்பட்டது என்பதையும் கருத்தில் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும் என்று 1914 ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார்.

இத்தகைய எச்சரிக்கையோடு தேடிய வாக்கருக்கு, பசிபிக் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்வதும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதும் புலப்பட்டன. சிறுவர் விளையாடும் சீசாப் பலகைபோல் அமைந்த இதற்கு அவர் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். ஆனால் அது ஏன் நிகழ்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

காரணம் தெளிவாக மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1969 ஆம் ஆண்டில் யாக்கோபு பியர்க்னஸ் என்னும் வானிலை அறிஞர், தென் அலைவையும் எல் நினோவையும் இணைத்து விளக்கினார். இயல்பான ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெப்பமான கடல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளுகிறது. அங்கே காற்று மேலெழுந்து மழையைத் தருகிறது. எல் நினோ ஆண்டுகளில் அக்காற்று தளர்கிறது. வெப்பநீர் பசிபிக்கின் நடுவுக்கும் கிழக்குக்கும் நகர்கிறது. மேலெழும் காற்றும் அதனைப் பின்தொடர்கிறது. அதன் விளைவாக இந்தோனேசிய, இந்தியப் பகுதிகளில் காற்று கீழிறங்கும் நிலை ஏற்பட்டு, மேகம் திரள்வது தடைப்படுகிறது. ஒட்டுறவு வழிகாட்டும் கைகாட்டியாக நின்றது. காரணத்தை அறிய அவ்வழியே நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது.

1997 ஆம் ஆண்டின் புள்ளி விலகி நின்றதற்கும் பின்னர் விளக்கம் கிடைத்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வெப்பமடைந்து கிழக்குப் பகுதி குளிரும் நிலையொன்றை 1999 ஆம் ஆண்டில் அறிஞர்கள் விளக்கினர். அது ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ எனப்படுகிறது. 1997 இல் அது வலுவாக இருந்தமையால் எல் நினோவின் தாக்கம் தணிந்தது என்று கருதுகின்றனர். ஒவ்வாத புள்ளியை அழித்திருந்தால் இத்தேடலுக்கே இடமிருந்திராது.

ஒரே கடல், இரு மழைகள்

நாகபுரியில் ஜூலை மழையில் நனைந்து பள்ளிக்குச் செல்லும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, தஞ்சையில் வாழும் பாட்டியிடம் தொலைபேசியில், “அங்கேயும் மழையா பாட்டி?” என்று கேட்கிறாள் எனக் கொள்வோம். “இங்கே ஏது மழை கண்ணு? ஐப்பசி பிறக்கட்டும்” என்பதே பாட்டியின் விடையாக இருக்கும். இந்தியாவின் பெரும்பகுதி தன் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தென்மேற்குப் பருவக்காற்றால் பெறுகிறது. தமிழ்நாடோ தன் மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது.

கிடை அச்சில் அதே பசிபிக் வெப்பத்தை வைத்து, குத்து அச்சில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையைக் குறித்தால் புள்ளிகளின் திசை மாறுகிறது; இப்போது அவை ஏறுமுகமாகத் தோன்றுகின்றன. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை மிகும் போக்கு உண்டு. 2015 ஆம் ஆண்டு இதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை 86 விழுக்காடாகக் குறைந்து நாட்டின் பல பகுதிகள் வறண்டன. அதே ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாக மழை பெய்தது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டில் பசிபிக் நீர் குளிர்ந்தது. 2016 இன் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, தமிழ்நாடு கொடிய வறட்சிக்கு உள்ளாயிற்று.

இங்கும் ஒவ்வாத புள்ளிகள் உண்டு. 2021 லா நினா ஆண்டு. எனினும் அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகவே பெய்தது.

எனவே ‘எல் நினோ நல்லதா, கெட்டதா?’ என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. எந்த இடத்தின் மழை, எந்தப் பருவத்தின் மழை என்று கேட்ட பின்னரே விடை கூற இயலும். காவிரிப் படுகை உழவருக்கு இரண்டு வரைபடங்களும் தேவை. குறுவைக்கு மேட்டூர் அணையிலிருந்து வரும் நீர், கருநாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. அவர் வயலில் நேரே விழும் மழையோ வடகிழக்குப் பருவத்தைச் சார்ந்தது.

வாய்ப்பும் உறுதியும்

சிதறல் வரைபடம் வாய்ப்பைக் கூறுகிறது, உறுதியைக் கூறுவதில்லை. 2002 ஆம் ஆண்டில் மழை இயல்பாக இருக்கும் என்று முன்னறிவிக்கப்பட்டது. அது பொய்த்து, மழை 81 விழுக்காடாகக் குறைந்தது. அதன் பின்னர் அன்று வழக்கிலிருந்த கணிப்பு முறை கைவிடப்பட்டு, புதிய முறைகள் வகுக்கப்பட்டன.

இந்தியாவின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழப் பாதி இன்றும் மழையை நம்பியே உள்ளது. முன்னறிவிப்பைக் கேட்டு ஓர் உழவர் விதை வாங்குகிறார், கடன் வாங்குகிறார், எந்தப் பயிரை இடுவது என முடிவுசெய்கிறார். அவரிடம் ‘மழை குறையும்’ என்று மட்டும் கூறுவதைவிட, ‘இத்தகைய ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் மழை குறைந்துள்ளது, சிலவற்றில் குறையவில்லை’ என்று கூறுவதே நேர்மை. முதல் கூற்றை நம்பியவர் மழை மாறினால் எல்லாவற்றையும் இழப்பார். இரண்டாவதைக் கேட்டவர் ஒரு பகுதி நிலத்திலேனும் வறட்சியைத் தாங்கும் சிறுதானியத்தை விதைத்து, இரண்டு நிலைக்கும் ஆயத்தமாவார்.

வரைபடத் தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கானோர் வாழ்ந்து கடந்த ஓர் ஆண்டு. கோட்டோடு ஒத்துப்போகும் ஆண்டையும் ஒத்துப்போகாத ஆண்டையும் ஒரே அக்கறையுடன் குறிப்பவரே அதனைப் படிக்கத் தகுதி பெறுகிறார்.

அருஞ்சொற்பொருள்

சிதறல் – பரவிக் கிடத்தல்
ஒட்டுறவு – இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் தன்மை
கெழு – அளவைக் குறிக்கும் எண்
நிரல் – அட்டவணையில் மேலிருந்து கீழாக அமைந்த வரிசை
அலைவு – முன்னும் பின்னுமாக மாறிமாறி அசைதல்
சுழியம் – பூச்சியம்
குறுவை – காவிரிப் படுகையில் குறுகிய காலத்தில் விளையும் நெற்பயிர்ப் பருவம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. எல் நினோ, லா நினா – வேறுபாடு தருக.
2. நேர் ஒட்டுறவு, எதிர் ஒட்டுறவு ஆகியவற்றைப் புள்ளிகளின் திசை கொண்டு விளக்குக.
3. வாக்கர் ‘தென் அலைவு’ என்று எதனைக் குறிப்பிட்டார்?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. 1997 ஆம் ஆண்டின் புள்ளியை ஏன் நீக்கக் கூடாது?
2. ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல’ என்னும் பழமொழி ஒட்டுறவைப் பற்றி உணர்த்தும் கருத்து யாது?
3. ஒட்டுறவுக் கெழு சுழியத்துக்கு அருகில் இருந்தும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்குப் பாடத்தில் உள்ள சான்றினை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.

பருவமழை, முன்னறிவிப்பு, கடல்நீர், ஒவ்வோர்

ஈ. செயல்பாடு

வாழும் ஊரின் பகல்நேர உயர்வெப்பநிலையையும், அன்று வீட்டில் செலவான குடிநீரின் அளவையும் இருபது நாள்கள் குறித்துவைக்க. ஒரு நாளையும் விடாமல் சிதறல் வரைபடம் வரைக. அதன் திசை, நெருக்கம், விலகி நிற்கும் புள்ளி, வடிவம் ஆகியவற்றைப் பற்றி எட்டுத் தொடர்கள் எழுதுக. விலகி நின்ற நாளில் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுக.